கழற்றி மாட்டும் வின்ச்: பெட்டி ஒன்று, வேலை பல

கிண்ணியா, மூதூர் கரைகளில் சற்று நேரம் நின்று பார்த்தவர்களுக்கு இந்தக் காட்சி புதிதல்ல. பழுதடைந்த ஃபைபர் தோணி ஒன்றைப் பட்டறைக்குக் கொண்டுபோக வேண்டும். பெட்டி பூட்டிய லேண்ட்மாஸ்டர் வந்து நிற்கும். ஆனால் வேலை தொடங்காது. "காக்கா, ஒருக்கா வந்து பிடிங்க", "தம்பி, நீயும் வா" என்று ஆள் சேர்ப்பதிலேயே அரைமணித்தியாலம் போய்விடும். ஆறு பேர் சேர்ந்து "ஏலேலோ" போட்டுத் தூக்கியதும் ஒருவருக்கு இடுப்புப் பிடிக்கும், இன்னொருவருக்கு விரல் நசுங்கும். தோணியின் அடிப்பக்கம் பெட்டியின் இரும்பு விளிம்பில் உராய்ந்து ஃபைபர் பிய்ந்துவிடும். பழுது பார்க்கப் போகும் தோணிக்குப் போகும் வழியிலேயே இன்னொரு பழுது!

தோணி மட்டும்தானா? ஜெனரேட்டர், பழைய எஞ்சின், ஐஸ் பெட்டி, மரக்குற்றி, நெல் ஆலைக்கான மோட்டார், விபத்தில் சிக்கிய ஆட்டோ என்று எமது பகுதியில் பெட்டியில் ஏற்றப்படும் பாரங்களில் பாதிக்கு மேல் கைகளால் ஏற்றக்கூடாதவை. எனினும் கைகளால்தான் ஏற்றுகின்றோம். ஒரு வின்ச் இருந்தால் இரண்டு பேரால் முடிகின்ற வேலை இது. வின்ச் வாங்கியவர்களும் இல்லாமல் இல்லை. ஆனால் வாங்கியவர்களில் பலருடைய வின்ச் இன்று கடையின் மூலையில் துருப்பிடித்துக் கிடக்கின்றது. இதற்குக் காரணம் வின்ச் அல்ல, அது பொருத்தப்பட்ட விதம். இவ்வாரம் அதைப் பற்றித்தான் பேசப்போகின்றோம்.

திருகோணமலைக்கு ஏன் இது முக்கியம்?

எமது துறைமுகம் ஆழத்துக்குப் பேர் போனது. ஆனால் கடல் ஏறி இறங்கும் அளவு மிகவும் குறைவு. ஒரு மீற்றரைக்கூட எட்டுவதில்லை. வற்றும்போது பெட்டியைக் கொண்டுபோய் வைத்துவிட்டு, கடல் ஏறியதும் தோணி தானாக அதன்மேல் மிதந்து வந்து அமரும் வசதி உலகின் வேறு சில கரைகளில் உண்டு. எமக்கு அது இல்லை. கொட்டியாரக் குடாவிலும் சரி, வெளிக்கடல் கரையிலும் சரி, தோணி மேலே வர வேண்டும் என்றால் யாராவது இழுக்க வேண்டும்.

இழுத்தே ஆக வேண்டிய நாட்களும் உண்டு. 2020 டிசம்பர் 2ஆம் திகதி இரவு புரெவி புயல் திருகோணமலைக்கு வடக்கே கரையைக் கடந்தது. எச்சரிக்கை வந்த பிறகு தோணிகளை மேட்டுக்கு ஏற்றக் கிடைத்தது சில மணித்தியாலங்கள்தான். அப்படிப்பட்ட பொழுதில் ஒவ்வொருவருக்கும் தன் தோணி முக்கியம். உதவிக்கு ஆள் கிடைக்காது. வின்ச் பூட்டிய ஒரு பெட்டி அன்றைக்கு எத்தனை பேருடைய முதலைக் காப்பாற்றும் என்பதை எண்ணிப் பாருங்கள்.

வீதியும் இப்போது மாறிவிட்டது. பாதையில் ஏறிக் களப்பைக் கடந்த காலத்தில் தோணியைப் பெட்டியில் வைத்து நகருக்குக் கொண்டுவருவது நினைத்துப் பார்க்க முடியாத வேலை. 2009 ஒக்டோபரில் 396 மீற்றர் நீளமான கிண்ணியாப் பாலம் திறக்கப்பட்ட பின்னர் அது ஒரு சாதாரண ஹயர் ஆகிவிட்டது. இன்னொன்றையும் சேர்த்துக் கொள்ளுங்கள். 2020 மார்ச்சில் நிறுத்தப்பட்ட வாகன இறக்குமதி 2025இன் தொடக்கத்தில்தான் மீண்டும் திறக்கப்பட்டது. அந்த ஐந்து வருடங்களும் எமக்குப் படிப்பித்த பாடம், புது வண்டி வாங்க முடியாதவன் இருக்கின்ற வண்டியில் இரண்டு வேலை எடுக்கப் பழக வேண்டும் என்பதுதான்.

நிரந்தரமாகப் பூட்டியதால் வந்த நட்டம்

இதை எழுதுபவனும் அடிபட்டுத்தான் படித்தான். முதலில் வாங்கிய மின்சார வின்சைப் பெட்டியின் முன்பலகையில் ஒரு தகடு வைத்து, நான்கு போல்ட் போட்டு இறுக்கிவிட்டோம். பார்க்க அழகாகத்தான் இருந்தது. இரண்டாவது மாதத்தில் தகடு பெட்டிக்குள் வளைந்தது. அதை நிமிர்த்தி வெல்டிங் பிடித்தோம். பிறகு மாரி வந்தது. மூன்று மாதம் வின்சுக்கு வேலை இல்லை, ஆனால் அது பெட்டியிலேயே மழையிலும் உப்புக் காற்றிலும் நின்றது. தையில் சுவிட்சை அமர்த்தினால் சத்தமே இல்லை. மோட்டாரின் உள்ளே பச்சை பூத்திருந்தது. அந்த மூன்று மாதமும் அதே பெட்டியில் சீமெந்தும் ஓடும் ஏற்றினோம். நீட்டிக்கொண்டிருந்த வின்ச் ஒவ்வொரு தடவையும் இடைஞ்சல். இரவில் பெட்டியைத் தெருவில் விடவும் பயம்.

இவை எல்லாவற்றுக்கும் ஒரே பதில், தேவைப்படும்போது மாட்டி, முடிந்ததும் கழற்றி வீட்டுக்குள் கொண்டுபோகக் கூடிய தாங்கி. அமெரிக்காவில் பிக்கப் வண்டிகளின் பின்னால் இரண்டு அங்குலச் சதுரக் குழி ஒன்றை வைத்து, அதற்குள் எதை வேண்டுமானாலும் செருகி ஒரு பின் போட்டுப் பூட்டும் வழக்கம் நீண்ட காலமாக உண்டு. அதே யோசனைதான். எமது பெட்டிக்கு ஏற்றவாறு அந்தக் குழியைப் படுக்கையாக வைக்காமல் நிமிர்த்தி வைக்கலாம் என்பது மட்டும் எமது சேர்க்கை.

எவ்வளவு இழுக்க வேண்டும்?

வின்ச் வாங்க முன்னர் ஒரு சிறு கணக்குப் போட வேண்டும். எடுத்துக்காட்டாகப் பாரம் 800 கிலோ என்று வைப்போம். ஒரு மீற்றருக்கு 27 சென்ரிமீற்றர் உயரும் சரிவில், அதாவது 15 பாகைச் சரிவில், அதை மேலே ஏற்ற வேண்டும். சரிவு மட்டும் கேட்கும் இழுவை ஏறத்தாழ 207 கிலோ. மீதி உராய்வு. பாரம் உருளைகளின் மேல் வந்தால் மொத்தம் 285 கிலோ அளவில் முடிந்துவிடும். அதே பாரத்தை வெறும் மணலில் இழுத்தால் 670 கிலோ வரை போகும்!

இதன் கருத்து என்ன? பெரிய வின்ச் வாங்கும் காசில் ஒரு பகுதியைப் பெட்டியின் பின் விளிம்பில் ஒரு ரப்பர் உருளை பூட்டவும், மணலில் போட இரண்டு பலகைக்கும் செலவழித்தால் சின்ன வின்சே போதும். தோணியின் அடியும் தப்பும். கடைக்காரர் இதைச் சொல்ல மாட்டார்.

பெட்டியில் 2000 இறாத்தல் என்று எழுதியிருந்தால் அது 907 கிலோ. ஆனால் அது உருளையில் கயிறு ஒரே ஒரு சுற்று அடுக்காக இருக்கும்போதுதான். அடுக்கு ஏற ஏறப் பலம் குறையும். நிறைந்த உருளையில் மூன்றில் ஒரு பங்கு வரை போய்விடலாம். ஆகவே முடிந்தவரை கயிற்றை வெளியே விட்டு இழுங்கள். பலம் போதாவிட்டால் ஒரு கப்பியைப் பாரத்தில் கொளுவி, கயிற்றின் நுனியைப் பெட்டிக்கே திருப்பிக் கொண்டுவாருங்கள். வேகம் பாதியாகும், இழுவை ஏறத்தாழ இரு மடங்காகும். அப்படித் திருப்பிக் கட்டும் நுனியைப் பெட்டியின் சட்டத்தில் கட்டுங்கள். கழற்றும் தாங்கியில் கட்டினால் அதற்கும் இரு மடங்கு பாரம் வந்துவிடும்.

தாங்கி செய்யும் விதம்

இங்கேதான் எமது பட்டறைகளில் பிழை நடக்கின்றது. வின்சைப் பார்த்துத் தாங்கி செய்யாமல் கையில் கிடந்த இரும்பைப் பார்த்துச் செய்கின்றார்கள்.

நாம் செய்தது இதுதான். 60க்கு 60 மில்லிமீற்றர், சுவர் 4 மில்லிமீற்றர் பொக்ஸ் பார் ஒரு துண்டு, நீளம் 300 மில்லிமீற்றர். இது குழி. கொளுவித் தண்டும் பெட்டியின் முன் சட்டமும் சந்திக்கும் இடத்தில் இதை நிமிர்த்தி வைத்து, கீழே தண்டிலும் மேலே சட்டத்திலுமாக இரண்டு இடத்தில் வெல்டிங் பிடிக்க வேண்டும். ஒரு இடத்தில் மட்டும் பிடித்தால் அது தாங்கி அல்ல, நெம்புகோல். உள் அகலம் 52 மில்லிமீற்றர் வரும். அதற்குள் 50க்கு 50 பொக்ஸ் பார் தூண் இறங்கும், பக்கத்துக்கு ஒரு மில்லிமீற்றர் இடைவெளி. குழாயின் உள்ளே ஓடும் தையல் மேட்டை அரத்தால் தேய்க்காவிட்டால் இறங்காது. அடித்து இறக்கினால் பிறகு ஏறாது. தூணின் தலையில் வின்ச் அமரும் தகடு, 8 மில்லிமீற்றருக்குக் குறையக்கூடாது, அடியில் இரண்டு முக்கோண அண்டை.

குழி ஏன் 300 மில்லிமீற்றர்? வின்ச் இழுப்பது 1000 கிலோ என்று சற்றுக் கூட்டியே வைப்போம். அது குழியின் வாய்க்கு மேலே 200 மில்லிமீற்றர் உயரத்தில் நின்று இழுக்கின்றது. குழி 100 மில்லிமீற்றர் ஆழம் என்றால் அதன் மேல் விளிம்பில் வரும் நெருக்கம் 3000 கிலோ. 300 மில்லிமீற்றர் என்றால் 1670 கிலோ. இரும்பு கொஞ்சம் கூட, பாரம் கிட்டத்தட்டப் பாதி. வாயைச் சுற்றி 40க்கு 6 பட்டை ஒன்றை வளையமாகப் பிடித்துவிட்டால் விளிம்பு விரியாது.

தூணின் சுவரும் அப்படித்தான். மேலே சொன்ன அதே 1000 கிலோ, அதே 200 மில்லிமீற்றர் உயரம். சுவர் 3 மில்லிமீற்றர் என்றால் சாதாரண இரும்பு வளையத் தொடங்கும் எல்லையின் 94 சதவீதத்தைத் தொட்டுவிடும். 5 மில்லிமீற்றர் என்றால் 64 சதவீதம். எனவே 5 எடுங்கள். ஆனால் தோணியின் முன்மூக்கு உயரத்துக்கு வின்ச் வர வேண்டும் என்று தூணை 400 மில்லிமீற்றருக்கு உயர்த்தினால் 5 மில்லிமீற்றரும் வளையும். அப்போது தூணின் தலையிலிருந்து முன்னால் கொளுவித் தண்டுக்கு 45 பாகையில் ஒரு இழுப்புக் கம்பி கட்டாயம். பாரம் பின்னாலிருந்து வருவதால் அந்தக் கம்பியில் இழுவை மட்டும்தான் வரும். நல்ல சங்கிலியும் முறுக்கியும் போட்டாலும் போதும், கழற்றவும் சுகம்.

பூட்டும் பின் 16 மில்லிமீற்றர். நிமிர்ந்த குழி என்பதால் பின் பாரத்தைச் சுமப்பதில்லை. தூண் துள்ளி வெளியே வராமல் பிடித்துக்கொள்வதே அதன் வேலை. அதன் துளையைக் குழியின் அடிப்பக்கமாகப் போடுங்கள். வாய்ப்பக்கம்தான் தூணில் முழு வளைவுச் சுமையும் வருகின்ற இடம், அங்கே துளை போட்டால் முறிவதற்கு நாமே கோடு கீறிக் கொடுத்தது போலாகும். குழியின் அடியை மூட வேண்டாம், தண்ணீரும் மணலும் வெளியேறட்டும். தூணில் கிறீஸ் பூசி வையுங்கள். நாகம் பூசிய குழாயை வெல்டிங் பிடிப்பதானால் பூச்சை முதலில் அரைத்து எடுக்கச் சொல்லுங்கள். அந்தப் புகை அன்றிரவே காய்ச்சலைக் கொண்டுவரும். பால் குடித்தால் சரியாகும் என்பது பட்டறைக் கதை.

மின்சாரமா, கைப்பிடியா?

லேண்ட்மாஸ்டர் வைத்திருப்பவர்கள் கவனிக்க வேண்டும். கையால் சுற்றி ஸ்டார்ட் செய்யும் வண்டியில் வின்சுக்குப் போதுமான பட்டரி ஏது? அவர்களுக்குக் கைப்பிடி வின்சே நல்லது. ஆனால் வெறும் பல்லுச் சக்கரமும் கொக்கியும் உள்ளதை வாங்காமல், கைப்பிடியை விட்டாலும் பாரம் நிற்கும் தானியங்கி பிரேக் உள்ளதாக வாங்குங்கள். கொக்கி விலகிய கைப்பிடி சுற்றி வந்து தாடையில் அடிப்பது சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

பிக்கப், வேன், லொறி உள்ளவர்களுக்கு மின்சார வின்ச். இங்கே எல்லோரும் விடும் தவறு வயர். 150 அம்பியர் இழுக்கும் வின்சுக்கு, பட்டரியிலிருந்து 5 மீற்றர் தூரத்துக்கு 10 சதுர மில்லிமீற்றர் செப்பு வயர் போட்டால் போக வர 2.6 வோல்ற் வழியிலேயே போய்விடும். 12இல் மிஞ்சுவது 9.4. மோட்டார் முனகும், சூடாகும், எரியும். பிறகு "சைனா சாமான்" என்று பழி. 35 சதுர மில்லிமீற்றர் வயரில் போவது முக்கால் வோல்ற் மட்டும். பட்டரிக்குப் பக்கத்திலேயே பியூஸ் இருக்க வேண்டும். வின்ச் கழறும் இடத்தில் தடித்த இரட்டைக் கொளுவி போட்டால் தூணோடு வயரும் கழறும். இழுக்கும்போது எஞ்சின் ஓடட்டும். இரண்டு மூன்று நிமிடம் இழுத்தால் கொஞ்சம் ஆறவிடுங்கள்.

உயிர் சம்பந்தப்பட்ட சில விடயங்கள்

பாரம் பெட்டியின் பின் விளிம்பில் ஏறும் அந்தக் கணம்தான் ஆபத்தானது. பின்பக்கம் அமர, முன்பக்கம் எழும்பும். கழற்றி நிறுத்திய பெட்டி என்றால் கொளுவித் தண்டு மேலே பாயும். லேண்ட்மாஸ்டரில் பூட்டியிருந்தாலும் கைப்பிடி துள்ளி எழும். ஆகவே பெட்டியை வண்டியில் பூட்டியபடியே, சில்லுகளுக்குக் கட்டை வைத்து, பின் விளிம்புக்கு அடியில் இரண்டு முட்டுக்கால் கொடுத்த பிறகுதான் இழுக்க வேண்டும்.

கம்பிக் கயிறு அறுந்தால் பாம்பு போலத் திரும்பும். கயிற்றின் நடுவில் ஒரு நனைந்த சாக்கைப் போட்டுவிடுங்கள், அறுந்தாலும் வேகம் தணியும். கயிற்றுக்கு நேரே யாரும் நிற்கக் கூடாது, சிறுவர்களை விரட்டிவிடுங்கள். தோணி கட்டும் நைலோன் கயிற்றை வின்சில் சுற்ற வேண்டாம். அது இழுபட்டு நீளும், அறுந்தால் கம்பியை விடக் கெட்டது. உருளையில் எப்போதும் குறைந்தது ஐந்து சுற்றுக் கம்பி மிஞ்சி இருக்க வேண்டும். ஏற்றி முடிந்ததும் பாரத்தைச் சங்கிலியாலோ பெல்ட்டாலோ பெட்டியோடு கட்டிவிட்டு வின்சைத் தளர்த்துங்கள். வீதியில் பாரத்தைப் பிடித்துக்கொண்டு போக வின்ச் செய்யப்படவில்லை. அதேபோல் மேலே தொங்கவிட்டுத் தூக்கவும் அது செய்யப்படவில்லை. அதற்குச் செயின் புளொக் இருக்கின்றது.

வரவு செலவு

ஒரு வின்சுக்கு ஒரு குழி என்று யாரும் சட்டம் போடவில்லை. பெட்டியில் ஒன்று, லொறியின் தட்டில் ஒன்று, பட்டறை வாசலில் கொங்கிரீட்டில் புதைத்த ஒன்று என்று மூன்று குழிகள் வைத்தால் தூண் ஒன்றே மூன்று இடத்திலும் வேலை செய்யும். குழி ஒன்றுக்கு ஆவது ஒரு முழம் பொக்ஸ் பாரும் வெல்டிங் கூலியும். காலையில் தோணி, பகலில் ஹாட்வெயார் கடைக்கு வந்த ஜெனரேட்டர், மாலையில் வயல் சேற்றில் புதைந்த வண்டி என்று ஒரே சாமான் ஓடும். சொந்தமாக வாங்க வசதியில்லாத மூன்று பேர் சேர்ந்து ஒரு வின்ச் வாங்கி, ஆளுக்கொரு குழி மட்டும் தத்தம் பெட்டியில் போட்டுக்கொள்ளலாம். மூன்று பேரும் ஒரே அளவு பொக்ஸ் பார் எடுக்க வேண்டும் என்பதை மட்டும் முதலிலேயே பேசி முடியுங்கள்; 50க்கும் 48க்கும் சண்டை வராமல் இருக்கும்.

ஹயருக்கு விடுபவர்கள் கூலியைத் தீர்மானிக்க ஒரு வழி. ஆறு பேரின் கூலியில் நான்கு பேருடையது மிச்சமாகின்றது. அந்த மிச்சத்தில் பாதியை வாடிக்கையாளருக்கு விட்டுவிட்டு மீதியைக் கேளுங்கள். முழுவதையும் கேட்டால் அவர் பழையபடி "காக்கா ஒருக்கா வாங்க" என்று கூப்பிடப் போய்விடுவார். மிச்சமாகும் அந்த நான்கு பேரும் எமது ஊரவர்கள்தான் என்பதையும் மறக்க வேண்டாம். தோணி இழுத்துக் கொடுத்துக் கறிக்கு மீன் வாங்கிப் போகும் முதியவர்கள் கரையில் இருக்கின்றார்கள். எமது பெட்டி வந்த நாளிலிருந்து கட்டை வைக்கவும் உருளை போடவும் அவர்களில் ஒருவரையே வைத்திருக்கின்றோம். எங்களை விட அவருக்குத்தான் எந்த மணல் அமிழும் என்று தெரியும்.

ஒரு எச்சரிக்கை. வின்ச் கையில் இருக்கின்றது என்பதற்காகக் கரைவலை இழுக்க யாரும் இறங்கிவிடாதீர்கள். உழவு இயந்திரத்தில் வின்ச் பூட்டிக் கரைவலை இழுப்பது வடக்கில் மீனவர்களுக்கிடையே பெரும் பிணக்கையே உண்டாக்கியது. ஒரு வலைக்கு முப்பது பேர் இழுத்த இடத்தில் இயந்திரம் வந்தால் வாயில் அடிபடுவது யார் என்பது எல்லோருக்கும் தெரியும். அது மீன்பிடித் திணைக்களத்தின் அனுமதியோடு சம்பந்தப்பட்ட விடயம்; திணைக்கள அலுவலகத்தில் கேட்காமல் அதற்கு ஹயர் பேச வேண்டாம்.

வேலை முடிந்து வீதிக்கு ஏறும் முன்னர் தூணைக் கழற்றிப் பெட்டிக்குள் படுக்க வைத்துவிடுங்கள். நீட்டிக்கொண்டு நிற்கும் இரும்பைக் கண்டால் பொலிஸ்காரர் மறிப்பார், காணாவிட்டால் பின்னால் வரும் மோட்டார் சைக்கிள்காரர் அடிபடுவார். வீட்டுக்கு வந்ததும் வின்சை நல்ல தண்ணீரில் நனைத்த துணியால் துடைத்து, கயிற்றை முழுவதும் இழுத்து உலர்த்திச் சுற்றுங்கள். நனைந்த கயிறு உருளையில் இருந்தபடியே காய்ந்தால் அடுத்த கிழமை மேல் அடுக்கு கீழ் அடுக்குக்குள் புதைந்து இறுகியிருக்கும், அதைப் பிரிக்க மறுபடியும் ஆறு பேரைக் கூப்பிட வேண்டி வரும்.